அண்ணன் அறங்காவலர், மருமகன் அரசு வழக்கறிஞர்: இதில் எது சட்டவிரோதம்?

குடியாத்தம் வட்டத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: அவருடைய ஊரில் ஆளுங்கட்சியின் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவரின் அண்ணன் கோயில் அறங்காவலர் ஆகிவிட்டார், மருமகன் அரசு வழக்கறிஞர் ஆகிவிட்டார், தங்கை மகனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்துவிட்டது. இவற்றில் எவை சட்டவிரோதம், எங்கே முறையிடுவது என்று கேட்கிறார். கேள்வியின் தலைப்பு அப்படி இருந்தாலும், அவர் உண்மையில் அறிய விரும்புவது கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. அவருடைய தங்கை நியாய விலைக் கடை விற்பனையாளர் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறார். இடைத்தரகர் ஒருவர் வீட்டுக்கே வந்து, இத்தனை லட்சம் கொடுத்தால் பெயர் பட்டியலில் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். பணம் கொடுக்காமல், ஆள் பிடிக்காமல், முறையாக முயல்வதில் இனிப் பயன் உண்டா என்பதே அவருடைய கவலை. முதல் பகுதிக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்கு விடை சொல்ல முடியாது என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஒன்றாக இருந்த வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் வருவாய்த் துறை இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 1989இல் திருவண்ணாமலை பிரிந்ததையும் 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்ததையும் பணியில் இருந்தபடியே பார்த்து, வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். பணியில் பெரும்பகுதி நியமனக் கோப்புகளோடு கழிந்தது. தேர்வுக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். தீர்ப்புகளைக் கோப்பில் எழுத வேண்டியிருந்ததால் படித்தவன், அவ்வளவே. உங்கள் ஊர்க் கோப்புகளைப் பார்க்காமல் அந்த மூவரில் யாரையும் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. கட்சிக்காரரின் உறவினர் என்பதால் மட்டும் ஒருவரின் நியமனம் செல்லாததாகிவிடாது. அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு அரசுப் பணியில் எல்லாருக்கும் சம வாய்ப்பு என்கிறது. பிறந்த குடும்பத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. இது இரண்டு பக்கமும் வெட்டும். இன்னாரின் மகன் என்று வேலை கொடுக்கவும் கூடாது, இன்னாரின் மகன் என்று வேலையை மறுக்கவும் கூடாது. பரம்பரையாகக் கிராம அலுவலர் பதவி கொடுப்பது இந்தப் பிரிவுக்கு முரண் என்று ஆந்திர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1960இலேயே சொல்லிவிட்டது. நம் பக்கத்தில் கர்ணம், மணியக்காரர் முறை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த அவசரச் சட்டத்தோடு முடிவுக்கு வந்து, தேர்வாணையத்தின் வழியாகக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். நான் பணியில் சேர்ந்த காலத்தில் பழைய கர்ணங்கள் பலர் வழக்கின் சோகத்தோடு தாலுகா அலுவலக வராந்தாவில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் சிலருக்கு இருந்த நில அறிவு அடுத்து வந்தவர்களுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அந்த மாற்றம் சரியானது. காரணம், மற்றவர்களுக்குக் கதவு திறந்தது. உங்கள் மூன்று நியமனங்களையும் நான் அளக்கும் கோல் இதுதான்: அந்தப் பதவிக்கு வரத் தகுதியுள்ள மற்றவர்களுக்குக் கதவு திறந்திருந்ததா, எந்தக் கட்டத்தில் அது சாத்தப்பட்டது?

கோயில் அறங்காவலரைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அது சம்பள வேலை அன்று. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, பரம்பரை அறங்காவலர் இல்லாத கோயில்களுக்கு மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட குழு நியமிக்கப்படும். அதில் ஒருவர் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினராகவும் ஒருவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும். எந்த ஆட்சி வந்தாலும் இந்தக் குழுக்களில் அந்தக் கட்சியின் வாடை வீசும். அதை மறைப்பதில் பொருளில்லை. கட்சி உறவு சட்டப்படி தகுதியிழப்பு அன்று. ஆனால் ஒன்று இருக்கிறது, பலர் பார்க்கத் தவறுவது. அந்தக் கோயிலின் நிலத்தையோ கடையையோ குத்தகைக்கு வைத்திருப்பவர், கோயிலுக்குப் பாக்கி வைத்திருப்பவர், கோயில் வேலைகளை ஒப்பந்தம் எடுத்திருப்பவர் ஆகியோர் அறங்காவலராக இருக்கத் தகுதியற்றவர்கள். கிராமத்தில் செல்வாக்குள்ள குடும்பம் கோயில் நிலத்தைப் பயிர் செய்துகொண்டிருப்பது நம் பக்கத்தில் அரிதான காட்சி இல்லை. குத்தகைப் பதிவேட்டில் அண்ணன் பெயர் இருந்தால், அவர் யாருக்கு அண்ணன் என்ற விவாதமே தேவையில்லை; செயல் அலுவலரிடமும் வேலூர் உதவி ஆணையரிடமும் அந்த ஒரு பக்கத்தின் நகலைக் கேட்டாலே போதும்.

அரசு வழக்கறிஞர் பதவி வேறு வகை. இங்கே அரசு ஒரு கட்சிக்காரர். கட்சிக்காரர் என்று நான் சொல்வது வழக்குக்கு வருபவரை. தன் வழக்கை நடத்தத் தனக்கு நம்பிக்கையுள்ள வக்கீலை அமர்த்திக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு என்பதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆட்சி மாறினால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் அரசு வழக்கறிஞர்களின் பெயர்ப்பலகைகள் மாறுவதும் அதனால்தான் யாருக்கும் அதிர்ச்சி தருவதில்லை. ஆனால் இந்த உரிமைக்கும் எல்லை உண்டு. உத்தரப் பிரதேச அரசு மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் அத்தனை பேரையும் ஒரே சுற்றறிக்கையால் நீக்கியபோது, 1990இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொதுப்பணம் வாங்கிப் பொதுக்கடமை ஆற்றும் பதவியை மனம்போனபடி கையாள முடியாது என்பதே காரணம். மாவட்டக் குற்றவியல் அரசு வழக்கறிஞருக்கு இன்னும் தெளிவான விதி இருக்கிறது: மாவட்ட ஆட்சியர், அமர்வு நீதிபதியைக் கலந்து பெயர்ப் பட்டியல் தயாரிக்க வேண்டும், பட்டியலில் இருப்பவருக்குக் குறைந்தது ஏழு ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. 2016இல் பஞ்சாப், ஹரியானா வழக்கில், அரசுச் சட்ட அலுவலர்களைத் தேர்ந்தெடுக்க நியாயமான, வெளிப்படையான முறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்ற மாநிலங்களும் தம் முறையைச் சீர்செய்துகொள்வது நல்லது என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. ஆகவே உங்கள் ஊர் மருமகனைப் பொறுத்தவரை கேட்க வேண்டியவை இரண்டே: அவருக்கு அனுபவ ஆண்டுகள் நிறைந்திருக்கின்றனவா, அமர்வு நீதிபதியின் கருத்து கோப்பில் இருக்கிறதா. இரண்டும் இருந்தால், அவர் கெட்டிக்கார வக்கீலா என்பது வேறு வழக்கு.

மூன்றாவதுதான் விஷயமுள்ளது. கூட்டுறவுச் சங்க வேலை சம்பள வேலை. ஓய்வு பெறும் வரை நிற்கும் வேலை. அதற்கு ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். முன்பு சங்கத்துத் தலைவரும் நிர்வாகக் குழுவும் தாமே ஆள் சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து பட்டியல் வாங்காமல், விதிகளைப் பார்க்காமல் சேர்த்தவர்களைப் பிற்பாடு அரசாணை போட்டு நிரந்தரமாக்கும் வழக்கமும் இருந்தது. இது தொடர்பாகத் தமிழ்நாட்டிலிருந்தே சென்ற வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம், கட்டாய விதிகளை மீறிச் செய்த நியமனத்தை அரசாணையால் நேர்செய்ய முடியாது என்று தீர்த்துச் சொன்னது. 2006ஆம் ஆண்டின் உமாதேவி வழக்கு அதையே எல்லா அரசுப் பணிகளுக்கும் விரிவாக்கியது. இன்று மாவட்ட அளவில் ஆள்சேர்ப்பு நிலையம் அறிவிக்கை வெளியிட்டு விண்ணப்பம் வாங்கித் தேர்வு செய்கிறது. எனவே தங்கை மகன் எந்த அறிவிக்கையின்படி, எந்தப் பதவிக்கு, எந்த இனச்சுழற்சியில், அதாவது இட ஒதுக்கீட்டு வரிசையில் எந்தப் பிரிவுக்குரிய இடத்தில், சேர்ந்தார் என்ற மூன்று விவரம் தெரிந்தால், அவருடைய நியமனத்தின் நிறம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அறிவிக்கையே இல்லாமல் சேர்ந்திருந்தால் அது அடிப்படையிலேயே ஆட்டம் காணும் நியமனம். அறிவிக்கை இருந்து, அவரும் விண்ணப்பித்து, தேர்வும் நடந்திருந்தால், சந்தேகத்தை நேர்காணல் மதிப்பெண்ணில்தான் தேட வேண்டும். அங்கே தேடுவது கடினம்.

ஏன் கடினம் என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வெளியில் இருப்பவர்கள் சிபாரிசு என்றதும் சட்டமன்ற உறுப்பினரின் லெட்டர்பேடை நினைக்கிறார்கள். அந்தக் கடிதத்தில் எப்போதும் ஒரே வாசகம் இருக்கும்: மனுதாரர் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவர், மனுவைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே பதவிக்கு ஒரே உறுப்பினரிடமிருந்து நான்கைந்து பேருக்கு ஒரே வாசகத்தோடு, ஒரே தேதியிட்ட கடிதம் வரும். அதை எழுதியவருக்கும் தெரியும், வாங்கும் எங்களுக்கும் தெரியும், அது கேட்டு வந்த வாக்காளரைத் திருப்பி அனுப்புவதற்காக எழுதப்பட்டது என்று. விவரமான அதிகாரி அதன் மேல் ‘கோப்பில் சேர்க்கவும்’ என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டு எண் போட்டுவிடுவார். பின்னாளில் யாராவது கேட்டால் காகிதம் இருக்கும். எழுத்தில் வரும் சிபாரிசால் பெரிய கேடு விளைந்து நான் பார்த்ததில்லை. கேடு விளைவது எழுத்தில் வராததால். நேர்காணலுக்கு முந்தின இரவு ஒரு தொலைபேசி அழைப்பு. அல்லது மறுநாள் காலை உதவியாளர் ஒருவர் கொண்டுவந்து கொடுக்கும், கையெழுத்தோ தலைப்போ இல்லாத, வெறும் வரிசை எண்கள் மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு.

நேர்காணல் அறையில் அது எப்படி வேலை செய்யும் என்பதைக் கூர்ந்து பார்த்தால்தான் புரியும். குழுவில் மூன்று பேர். ஒவ்வொருவர் முன்னும் ஒரு மதிப்பெண் தாள். விதிப்படி, விண்ணப்பதாரர் எழுந்து போனதும் ஒவ்வொருவரும் தத்தம் தாளில் பேனாவால் மதிப்பெண் எழுத வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் பென்சிலால் எழுதுவார்கள். மாலையில் எல்லாரும் போன பிறகு, கல்வித் தகுதிக்கான மதிப்பெண்ணையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகு பேனா எடுப்பார்கள். படிப்பில் பின்தங்கிய ஒருவருக்கு நேர்காணலில் ஏறத்தாழ முழு மதிப்பெண்ணும், படிப்பில் முந்திய ஒருவருக்குக் கால்வாசியும் விழுவது இப்படித்தான். இதை வேண்டாம் என்று நினைக்கும் குழுத் தலைவரால் தடுக்க முடியும். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, அடுத்த ஆள் உள்ளே வருவதற்குள் மூன்று தாளிலும் பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டு உறையில் போட்டுவிட்டால், மாலையில் திருத்த எதுவும் மிஞ்சாது. அப்படிச் செய்த அதிகாரிகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் அடுத்த மாறுதல் பட்டியலில் தொலைதூரம் போனதையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க என்னிடம் காகிதம் இல்லை.

நீதிமன்றங்கள் இந்த இடத்தின் ஆபத்தை நன்றாகவே அறிந்திருக்கின்றன. ஹரியானா தேர்வாணையம் பற்றிய 1985ஆம் ஆண்டு வழக்கில், எழுத்துத் தேர்வும் நேர்காணலும் சேர்ந்து நடக்கும்போது பொதுப் பிரிவினருக்கு நேர்காணலின் பங்கு 12.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. உறுப்பினரின் உறவினர் நேர்காணலுக்கு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு முன்பே, 1969இல் காஷ்மீர் வனத்துறை வழக்கில், தேர்வுப் பட்டியலில் தானே ஒரு போட்டியாளராக இருந்தவர் தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்ததற்காக முழுத் தேர்வையும் ரத்து செய்தது. மத்திய அரசு 2016 ஜனவரி முதல் தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே எடுத்துவிட்டது. என் கருத்தில் மாநிலத்தின் எல்லாச் சிறு பதவிகளுக்கும் அதையே செய்திருக்க வேண்டும். விற்பனையாளருக்கும் அங்கன்வாடி உதவியாளருக்கும் ஐந்து நிமிடப் பேச்சில் எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம்? எழுத்துத் தேர்வே இல்லாமல் கல்வித் தகுதியும் நேர்காணலும் மட்டும் உள்ள தேர்வுமுறையை அதற்காகச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதாவது உங்கள் தங்கை விண்ணப்பித்திருப்பது, சட்டப்படி செல்லுபடியாகும், ஆனால் செல்வாக்கு நுழையச் சந்து உள்ள ஒரு தேர்வுக்கு.

சிபாரிசு இன்று மிகவும் வளர்ந்திருக்கும் இடம் இதுவும் இல்லை. வேலூரில் எந்த அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்; கணினி முன் உட்கார்ந்திருப்பவர், வண்டி ஓட்டுபவர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் ஆகியோரில் எத்தனை பேர் அரசு ஊழியர்? தொகுப்பூதியம், தினக்கூலி, வெளிமுகமை என்று பெயர்தான் வேறு. இவர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு அறிவிக்கை தேவைப்படுவதில்லை, இனச்சுழற்சி பார்க்கப்படுவதில்லை. 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்காக 1994இல் அரசமைப்பையே திருத்த வைத்த மாநிலத்தில், ஒப்பந்ததாரரின் ஆள்பட்டியலுக்கு அந்த ஒதுக்கீடு எட்டுவதில்லை. அங்கே யார் சொல்லி யார் சேர்ந்தார் என்பதற்குக் கோப்பும் கிடையாது. பத்து ஆண்டு கழித்து, ‘இவ்வளவு காலம் உழைத்தேன், நிரந்தரமாக்குங்கள்’ என்று அவர் நீதிமன்றம் போகும்போது அவருடைய கோரிக்கையிலும் நியாயம் இருக்கும். உமாதேவி தீர்ப்பை நீண்டகாலம் உழைத்தவர்களுக்கு எதிரான ஆயுதமாக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் பத்து ஆண்டுக்கு முன் அந்த நாற்காலிக்கு விண்ணப்பிக்கவே வாய்ப்பு கிடைக்காதவர் எந்த நீதிமன்றத்திலும் வாதியாக இருக்க மாட்டார்.

செல்வாக்கில் வரும் வேலை அதைப் பெற்றவரையும் காப்பதில்லை என்பதற்கு மக்கள் நலப் பணியாளர்களைவிடப் பெரிய சான்று தமிழ்நாட்டில் இல்லை. 1989இல் தி.மு.க. ஆட்சியில் ஊராட்சிகளில் அமர்த்தப்பட்டார்கள், 1991இல் அ.தி.மு.க. ஆட்சி நீக்கியது, 1997இல் திரும்பச் சேர்த்தார்கள், 2001இல் நீக்கினார்கள், 2006இல் சேர்த்தார்கள், 2011 நவம்பரில் 13,000க்கும் மேற்பட்டவர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2022இல் மாதம் 7,500 ரூபாய்க்கு ஊரக வேலைத் திட்டத்தில் மீண்டும் இடம் கொடுத்தார்கள். நம் மாவட்டத்து ஊராட்சிகளில் இந்த ஏற்ற இறக்கத்தில் இளமை கழிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தலைவருக்கும் உறவினர் அல்லர். பதவி உருவானபோதே அது ஒரு கட்சியின் பதவி என்று மற்றக் கட்சி முடிவு செய்துவிட்டது, அவ்வளவுதான்.

இனிப் பணத்தைப் பற்றி. இங்கே எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை: கொடுக்காதீர்கள். ஒழுக்கத்தை விடுங்கள், சட்டத்தையும் கணக்கையும் பாருங்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், சட்டவிரோதமான ஒப்பந்தம் எது என்று விளக்க 23ஆவது பிரிவில் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று இதே கதைதான்: அரசுப் பணியில் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் வாக்களிக்கிறார், அதற்கு மற்றவர் ஆயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொள்கிறார், அந்த ஒப்பந்தம் செல்லாது. வேலை கிடைக்காவிட்டால் பணத்தைத் திரும்ப வாங்க உரிமையியல் நீதிமன்றத்தில் நீங்கள் நிற்க முடியாது என்பது இதன் நடைமுறைப் பொருள். அடுத்து, 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிலோ ஊழல் தடுப்புப் பிரிவிலோ தெரிவித்தால் மட்டுமே தப்பலாம். இடையில் நின்று வாங்கும் தரகருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற வழியும் அடைபட்டுவிட்டது: போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கியதாகத் தொடரப்பட்ட வழக்கு, இரு தரப்பும் சமாதானம் ஆகிவிட்டது என்று 2021இல் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது, 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி வழக்கை உயிர்ப்பித்தது. இவற்றோடு நான் நேரில் அறிந்த ஒரு தொழில் ரகசியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி வரும் தரகர்களில் பலருக்குத் தேர்வுக் குழுவில் யாரையும் தெரியாது. இருபது பேரிடம் பணம் வாங்குவார்கள். தம் தகுதியாலேயே தேர்வாகும் நான்கு பேரின் பணத்தை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் தவணையில் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த நான்கு பேரும் தமக்கு வேலை வாங்கித் தந்தவர் இவர்தான் என்று ஊரெல்லாம் சொல்லி அடுத்த ஆண்டுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவர் இந்த வகையா, உண்மையிலேயே உள்ளே கை உள்ளவரா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டாவது வகையாக இருந்தால், பணம் கைமாறும் முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையின் வேலூர் பிரிவுக்குத் தகவல் கொடுப்பது ஒன்றே உங்களுக்குப் பாதுகாப்பான வழி.

முறையிடுவது பற்றிக் கேட்டீர்கள். சாதாரணக் குடிமகன் மற்றொருவரின் அரசுப் பணி நியமனத்தை எதிர்த்துப் பொதுநல வழக்குப் போட்டால், பணி விவகாரத்தில் பொதுநல வழக்கு இல்லை என்று திருப்பிவிடுவார்கள். அந்தப் பதவிக்குரிய சட்டத் தகுதியே அவருக்கு இல்லை என்றால் மட்டும், எந்த உரிமையில் இந்தப் பதவியில் இருக்கிறாய் என்று கேட்கும் நீதிப்பேராணையை யார் வேண்டுமானாலும் கோரலாம். குத்தகை வைத்திருக்கும் அறங்காவலருக்கும் அனுபவம் குறைந்த வழக்கறிஞருக்கும் அது பொருந்தக்கூடும். கூட்டுறவு வேலையை எதிர்ப்பதாக இருந்தால், அதே அறிவிக்கையில் விண்ணப்பித்துத் தோற்றவர்தான் உயர் நீதிமன்றம் போக வேண்டும். தேர்வானவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். தேர்வுமுறையில் குறை இருப்பது தெரிந்தும் பேசாமல் கலந்துகொண்டுவிட்டு முடிவு வந்த பிறகு முறையையே குறைசொன்னால் நீதிமன்றம் பொதுவாக ஏற்காது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுக்கும் மனு எந்த அலுவலரைப் பற்றியதோ அவரிடமே அறிக்கைக்குப் போய்ச் சேரும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கொடுங்கள், பின்னால் வழக்குப் போட்டால் அந்த ஒப்புகைச் சீட்டுக்கு மதிப்பு உண்டு.

தகவல் உரிமைச் சட்டம் இன்னும் கூர்மையான கருவி. ஆனால் மனுவைச் சங்கத்துக்கு அனுப்பாதீர்கள். கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பொது அதிகார அமைப்புகள் அல்ல என்று கேரள வழக்கொன்றில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பில், பதிவாளர் சட்டப்படி சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம் என்றும் இருக்கிறது. எனவே வேலூர் இணைப்பதிவாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு செய்யுங்கள். ஏன் அவருக்கு வேலை கொடுத்தீர்கள் என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று பதில் வரும். அறிவிக்கையின் நகல், அது வெளியான நாள், காலியிடங்களின் இனச்சுழற்சி விவரம், தேர்வுப் பட்டியல், நேர்காணல் குழு அமைத்த ஆணை என்று ஆவணமாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கடைசியாக, தங்கை முறையாக முயல்வதில் பயன் உண்டா என்பது. எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்தது. 1924இல் நீதிக்கட்சி ஆட்சி பணியாளர் தேர்வு வாரியம் அமைத்ததும், 1929இல் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னையில் தேர்வாணையம் வந்ததும், அமைச்சர் கையிலிருந்தும் அதிகாரி கையிலிருந்தும் நியமனத்தைப் பிடுங்குவதற்காகத்தான். அந்த ஆணையமும் கறைபடாதது அன்று. 2016 ஜனவரியில் அதற்கு நியமிக்கப்பட்ட 11 உறுப்பினர்களின் நியமனத்தை, உரிய தேடலும் பரிசீலனையும் இல்லாமல் நடந்தது என்று அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 குரூப் 4 தேர்வில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேட்டுக்காக 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். இருந்தாலும் குரூப் 4இல் நேர்காணல் இல்லை. விடைத்தாளைத் திருத்துவது இயந்திரம். தரவரிசை இணையத்தில் வருகிறது. கே.வி.குப்பத்திலும் பேரணாம்பட்டிலும் எந்தப் பின்புலமும் இல்லாத வீடுகளிலிருந்து அந்த வழியில் கிராம நிர்வாக அலுவலராகவும் இளநிலை உதவியாளராகவும் வந்தவர்கள் என்னிடம் வேலை செய்திருக்கிறார்கள். விற்பனையாளர் பணிக்கான நேர்காணலுக்குத் தங்கை தயங்காமல் போகட்டும். பிளஸ் 2 மதிப்பெண் நன்றாக இருந்தால் வாய்ப்பு இருக்கவே செய்கிறது, அழைப்புக் கடிதத்தையும் நேர்காணல் நடந்த நாள், நேரம், கேட்கப்பட்ட கேள்விகள் ஆகியவற்றின் குறிப்பையும் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அவருடைய நேரத்தில் பெரும்பகுதி குரூப் 4 பாடத்திட்டத்துக்குப் போகட்டும். தமிழ்த் தகுதித் தாளில் நாற்பது சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்ப் பாடநூல்களை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் அதைத் தொடங்கச் சொல்லுங்கள்.